பெருக்கலில் பிழையில்லை

1983ஆம் ஆண்டு ஜூலை 23 அன்று, கனடாவின் மாண்ட்ரியல் விமான நிலையத்தில், ஒட்டாவா வழியாக எட்மண்டனுக்குப் புறப்படவிருந்த ஏர் கனடா நிறுவனத்தின் போயிங் 767 விமானத்துக்காகத் தரைப் பணியாளர்களும் விமானிகளும் ஒரு கணக்குப் போட்டார்கள். இறக்கையின் அடியிலிருந்து அளவுகோலை இழுத்துப் பார்த்ததில் தொட்டிகளில் 7,682 லிட்டர் எரிபொருள் இருந்தது. ஒரு லிட்டரின் எடை 1.77 என்று எரிபொருள் நிரப்புபவரின் சீட்டிலேயே குறிப்பிடப்பட்டிருந்தது. இரண்டையும் பெருக்கினால் 13,597. பயணம் முழுவதற்கும் தேவைப்பட்டது 22,300 கிலோ. கழித்தால் மீதி 8,703, அதை 1.77ஆல் வகுத்தால் 4,917 லிட்டர். அந்த 4,917 லிட்டரை ஏற்றிக்கொண்டு விமானம் கிளம்பியது.

பெருக்கலில் பிழையில்லை. கழித்தலிலும் வகுத்தலிலும் பிழையில்லை. ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் அதைப் போட்டும் பார்த்தும் இருந்தார்கள். பிழை 1.77 என்ற எண்ணில் இருந்தது. ஒரு லிட்டர் விமான எரிபொருள் 1.77 பவுண்டு எடை கொண்டது. கிலோவில் சொன்னால் ஏறத்தாழ 0.803. எனவே ஏற்றியிருக்க வேண்டிய அளவு இருபதாயிரம் லிட்டருக்குச் சற்று மேல். ஏற்றியதோ அதில் கால் பங்கு. ஒட்டாவாவில் இறங்கியபோது மறுபடி அளவுகோல் இழுத்துப் பார்த்தார்கள், மறுபடி அதே எண்ணால் பெருக்கினார்கள், போதுமான அளவு இருக்கிறது என்றே மறுபடியும் விடை வந்தது. ஒன்டாரியோ மாகாணத்தின் ரெட் லேக் என்னும் ஊருக்கு மேலே, 41,000 அடி உயரத்தில், எச்சரிக்கை ஒலிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழத் தொடங்கின. சிறிது நேரத்தில் இரண்டு எஞ்சின்களும் நின்றுபோயின.

விமானி ராபர்ட் பியர்சனுக்கு எஞ்சின் இல்லாத கிளைடர்களை ஓட்டிப் பழக்கம் இருந்தது. துணை விமானி மாரிஸ் குவின்டால், தாம் முன்பு பணியாற்றிய கிம்லி என்னும் கைவிடப்பட்ட விமானப்படைத் தளத்தை நினைவுகூர்ந்தார். அங்கே இறங்கினார்கள். விமானத்தில் இருந்த 69 பேரில் ஒருவரும் உயிரிழக்கவில்லை. இந்த நிகழ்ச்சி ‘கிம்லி கிளைடர்’ என்ற பெயரில் விமானத்துறையில் இன்றும் பேசப்படுகிறது. பேசுபவர்களில் பெரும்பாலோர் பியர்சனின் திறமையைத்தான் பேசுகிறார்கள், அது நியாயமும்கூட. என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது தரையில் நடந்த அந்தக் கணக்குதான். அனுமானங்களைப் பற்றி நமக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரை எதுவும் அந்த இடத்தில் பயன்பட்டிருக்காது என்பதே அதற்குக் காரணம்.

அந்த அறிவுரை எது என்பது எல்லாருக்கும் தெரியும்: எதையும் அனுமானிக்காதே, சரிபார்த்துக்கொள். மாண்ட்ரியலில் இருந்தவர்கள் சரிபார்த்தார்கள். எரிபொருள் காட்டி வேலை செய்யவில்லை என்பதால் கையால் அளந்து, தாளில் எழுதி, கணக்கிட்டு, இடையில் இறங்கிய ஊரில் மீண்டும் அளந்து, பொறுப்புள்ளவர்கள் செய்யக்கூடியவற்றையெல்லாம் செய்தார்கள். அவர்களுடைய ஒவ்வொரு சரிபார்ப்பும் ஐயத்துக்குரிய அந்த ஓர் எண்ணின் மேலேயே நின்றுகொண்டு நடந்தது. ஆகவே எத்தனை முறை பார்த்திருந்தாலும் ஒரே விடைதான் வந்திருக்கும். விடை மாறாமல் வர வர, நம்பிக்கை மட்டும் கூடிக்கொண்டே போயிருக்கும். ஓர் அனுமானத்தின் மேல் நின்றுகொண்டு அந்த அனுமானத்தைச் சோதிக்க முடியாது. இதைச் சொல்வது எளிது. நின்றுகொண்டிருக்கும்போது எதன் மேல் நிற்கிறோம் என்று தெரிவதுதான் கடினம்.

அவர்கள் அறியாதது எதுவும் அந்தக் கணக்கில் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். விமான எரிபொருள் மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்தது. ரேஷன் கடையில் கேன் நீட்டி மண்ணெண்ணெய் வாங்கிய தலைமுறையைச் சேர்ந்த எவருக்கும், கேனுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் தண்ணீர் அடியிலும் எண்ணெய் மேலேயும் நிற்கும் என்பது தெரியும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. தண்ணீரின் மேல் மிதக்கும் ஒரு பொருளின் லிட்டர் எடை ஒரு கிலோவுக்குள்தானே இருக்க முடியும்? 1.77 கிலோ என்பது தண்ணீரைவிட முக்கால் மடங்கு கூடுதல். அப்படி ஓர் எண்ணெய் இருந்தால் அது கேனின் அடியில் போய்க் கிடக்கும். அந்தக் கணக்கைப் போட்டவர்களும் எண்ணெய் மிதக்கும் என்பதை அறிந்தவர்களே. ஆனால் அந்த அறிவை யாரும் அந்த நேரத்தில் அழைக்கவில்லை, ஏனென்றால் அழைக்க வேண்டிய தேவை இருப்பதாக எதுவும் தெரிவிக்கவில்லை. பல ஆண்டுகளாக, பவுண்டில் கணக்கிட்ட மற்ற விமானங்களுக்கெல்லாம், 1.77ஐ ஒட்டிய அந்த எண்தான் சரியான எண். அந்த நிறுவனத்தில் கிலோவில் கணக்கிடும் முதல் விமான வகையாகப் போயிங் 767 வந்து சேர்ந்ததோடு, எண்ணின் தோற்றம் மாறாமல் அதன் பொருள் மட்டும் மாறிவிட்டது.

நம்மைக் கவிழ்க்கும் அனுமானங்களில் பெரும்பாலானவை இத்தகையவை என்றே நான் கருதுகிறேன். அவை முட்டாள்தனத்திலோ சோம்பலிலோ பிறந்தவை அல்ல. முன்பு எங்கோ உண்மையாக இருந்து, நமக்கு உழைத்து, நம் நம்பிக்கையைச் சம்பாதித்துக்கொண்டவை. பழைய வேலைக்காரரின் கையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவதைப் போல நாம் அவற்றை நம்பிவிட்டுப் போகிறோம்.

அனுமானமே கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தெருவைக் கடக்கும்போது எதிரே வரும் பேருந்தின் வேகத்தை நாம் அளப்பதில்லை. மளிகைக் கடைக்காரர் எடை போட்டுத் தரும் பருப்பை வீட்டுக்கு வந்து மறு எடை போடுவதில்லை. எல்லாவற்றையும் ஐயுற்று எல்லாவற்றையும் சோதித்துவிட்டுத்தான் செயல்படுவது என்று ஒருவர் முடிவெடுத்தால், காலைக் காப்பி மாலையில்தான் கைக்கு வரும். நம் தருக்க மரபும் ஊகத்தைக் குற்றமாகப் பார்க்கவில்லை. மலையில் புகையைக் கண்டு நெருப்பு உண்டென அறிவதை அது முறையான அறிவாகவே ஏற்றது. அந்த அறிவு எங்கே பிசகும் என்பதையும் கூடவே எண்ணிப் பார்த்தது. மணிமேகலையின் 29ஆம் காதையில், தவறான ஏதுக்களை, அதாவது முடிவுக்குக் காட்டும் காரணங்களை, பட்டியலிடும் இடத்தில், ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராத நிலையிலேயே அதைப் புகையென்று கொண்டு நெருப்பு உண்டெனத் துணிவதும் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. அங்கே ஐயமாவது இருந்தது. மாண்ட்ரியலில் 1.77ஐக் குறித்து ஐயமே எழவில்லை. ஐயம் எழாத இடத்தில் என்ன செய்வது என்பதுதான் இன்னும் கடினமான கேள்வி.

விழுப்புரம் சந்திப்பில் ஓர் இரவு நான் பார்த்த காட்சி இதற்கு ஒரு சிறிய சான்று. பெரியவர் ஒருவர், மகன், மருமகள், இரண்டு குழந்தைகள். ஒரு திருமணத்துக்குப் போகிறவர்கள் என்பது பைகளைப் பார்த்தாலே தெரிந்தது. வண்டி நள்ளிரவு 12.20க்கு. பதினொரு மணிக்கே வந்து, பெட்டி நிற்கும் இடத்தைக் கேட்டு வைத்து, பயணச்சீட்டை எடுத்துப் பெட்டி எண், படுக்கை எண், பெயர்கள், வயது, அடையாள அட்டை எல்லாவற்றையும் மகன் உரக்கப் படிக்க, பெரியவர் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்துக்கொண்டிருந்தார். அவ்வளவு கவனமான பயணிகளை நான் அதிகம் கண்டதில்லை. வண்டி வந்தது, ஏறினார்கள், அவர்களுடைய படுக்கைகளில் வேறு யாரோ தூங்கிக்கொண்டிருந்தார்கள். பரிசோதகர் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “ஐயா, இது நேத்து ராத்திரி போன வண்டிக்கு எடுத்த டிக்கெட்டுங்க” என்றார்.

“பதினஞ்சுன்னுதானே தம்பி போட்டிருக்கு? இன்னைக்குப் பதினஞ்சுதானே?”

“மணி பன்னெண்டு தாண்டிருச்சுங்கய்யா. இப்போ பதினாறு.”

ரயில்வேயின் நாள் நள்ளிரவில் பிறக்கிறது. நம் வீடுகளின் நாள் இன்னும் சூரிய உதயத்தில்தான் பிறக்கிறது. பஞ்சாங்கம் அப்படித்தான் கணிக்கிறது, பேச்சிலும் நள்ளிரவு தாண்டிய ஒரு மணியை “பதினஞ்சாம் தேதி ராத்திரி ஒரு மணி” என்றுதான் சொல்கிறோம். அந்தப் பெரியவரின் கணக்கில் எந்தத் தடுமாற்றமும் இல்லை. அவர் வாழ்நாள் முழுவதும் சரியாகவே இருந்த ஒரு நாள்முறையை வைத்துக்கொண்டு அவர் தேதியைச் சரிபார்த்தார். பத்து முறை படித்திருந்தாலும் சீட்டில் 15 என்றுதான் இருந்திருக்கும், அவர் மனத்திலும் அன்றைக்கு 15தான். அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியிருக்கக்கூடிய கேள்வி வேறு வகையானது: “சீட்டில் உள்ள இந்த 15ஆம் தேதி வண்டியில் 12.20க்கு ஏறும்போது, முந்தின காலையில் தாள் கிழித்த நாட்காட்டியில் என்ன தேதி இருக்கும்?” என்று யாராவது கேட்டிருந்தால், 14 என்ற விடை அங்கேயே வந்திருக்கும். முன்பதிவு இணையதளங்களும் செயலிகளும் இத்தகைய வண்டிகளுக்கு “14 இரவு விடிந்தால் 15” என்று ஒரு வரி சேர்த்தால் போதும். இவ்வளவு காலமாக இந்தக் குழப்பம் நடந்துகொண்டிருக்கும் நாட்டில் அது எல்லா இடத்திலும் கண்ணில் படும்படி இன்னும் இல்லாதது எனக்கு வியப்புதான்.

சரிபார்க்கும்போது நாம் எந்தப் பக்கம் சாய்கிறோம் என்பதை, லண்டனில் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1960இல் வெளியிட்ட ஒரு சோதனை காட்டுகிறது. 2, 4, 6 என்ற மூன்று எண்களைக் கொடுத்து, இவை ஒரு விதிக்குக் கட்டுப்பட்டவை, அது என்ன விதி என்று கண்டுபிடிக்க வேண்டும் என்றார். சோதனைக்கு வந்தவர்கள் தாங்களே மூன்று மூன்று எண்களைச் சொல்லலாம். அவை விதிக்கு உட்படுமா, உட்படாதா என்று அவர் சொல்வார். பலர் 8, 10, 12 என்றார்கள்; உட்படும். 20, 22, 24 என்றார்கள், உட்படும். இரண்டிரண்டாகக் கூடும் எண்கள் என்று அறிவித்தார்கள், தவறு. விதி, எண்கள் ஏறுமுகமாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே. 1, 2, 50 என்று ஒரே ஒரு முறை சொல்லிப் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்கும். தம் எண்ணம் தவறாக இருந்தால் எங்கே உடையும் என்று தேடாமல், அது மறுபடி மறுபடி பொருந்தும் இடங்களையே தேடிப் போனார்கள். 20, 22, 24 என்பதற்குக் கிடைத்த ‘உட்படும்’ என்ற பதிலுக்கும், ஒட்டாவாவில் கிடைத்த விடைக்கும் வேறுபாடு அதிகமில்லை.

இதுவரை சொன்னது ஒருவர் தலைக்குள் நடப்பது. பலர் சேரும்போது இன்னொன்று நடக்கிறது. பழைய விமானங்களில் எரிபொருள் கணக்கைப் பார்க்க விமானப் பொறியாளர் என்று மூன்றாவது ஆள் விமானி அறையில் இருந்தார். 767இல் அந்த இருக்கை இல்லை. அவருடைய அந்த வேலை யாருக்குப் போனது என்பது தெளிவாக வரையறுக்கப்படவில்லை. விமானிகள் அது தரைப் பணியாளர்களின் பொறுப்பு என்று எண்ணினார்கள். தரைப் பணியாளர்களுக்கோ அதற்கான பயிற்சி இல்லை. எரிபொருள் காட்டி முழுவதும் இருண்டிருந்தால் விமானம் புறப்படக் கூடாது என்பது விதி. ஆனால் விமானம் அதே நிலையில்தான் வந்து சேர்ந்தது என்று, பணி மாறும்போது நடந்த உரையாடலிலிருந்து பியர்சன் புரிந்துகொண்டிருந்தார். உண்மையில் முந்தைய பயணத்தில் அது வேலை செய்துகொண்டிருந்தது. இயங்கிய அந்தக் காட்டி இருண்டது எப்படி என்றால், மாண்ட்ரியலில் ஒரு தொழில்நுட்பப் பணியாளர், காட்டி இயங்குவதற்காகவே முன்பு துண்டித்து வைக்கப்பட்டிருந்த ஓர் இணைப்பைப் பழுதைச் சோதிக்க மீண்டும் போட்டுப் பார்த்தார், எரிபொருள் வண்டி வந்ததும் கவனம் திரும்பி அதை எடுக்காமல் விட்டுவிட்டார். ஒவ்வொருவரும் மற்றவருடைய உறுதியிலிருந்து தம் உறுதியைக் கடன் வாங்கிக்கொண்டார்கள். முதல் கைமாற்றுக்குப் பணம் கொடுத்தவர் என்று யாருமே இல்லை. பின்னர் நடந்த விசாரணை, தனிமனிதர்களை மட்டும் குற்றம் சொல்லி விட்டுவிடாமல், பொறுப்பையும் பயிற்சியையும் வகுக்கத் தவறிய நிறுவனத்தையும் கடுமையாகச் சாடியது. அது சரியான தீர்ப்பு.

இதே குழப்பம் பதினாறு ஆண்டுகளுக்குப் பின் இன்னும் உயரத்தில் நடந்தது. 1999 செப்டம்பர் 23 அன்று நாசாவின் செவ்வாய்த் தட்பவெப்பக் கலம் செவ்வாயை நெருங்கியபோது தொலைந்துபோனது. ஒரு மென்பொருள் பவுண்டு அலகில் விசைக் கணக்கைத் தந்தது, இன்னொன்று அதை நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டது. பாதை சற்று விலகிப் போகிறது என்று வழிநடத்தும் குழுவில் சிலர் வழியிலேயே கவனித்திருந்தார்கள் என்பதுதான் வருத்தமான செய்தி. அவர்களுடைய ஐயம் முறைப்படி எங்கும் பதிவாகி மேலே போகவில்லை.

விண்கலம் வரை போக வேண்டியதில்லை. முதியவர்கள் இருக்கும் எந்த வீட்டிலும் மாத்திரைப் பெட்டியைத் திறந்து பார்க்கலாம். இதய மருத்துவர் இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை எழுதியிருப்பார். சில மாதம் கழித்து ஊரில் வேறொரு மருத்துவர் இன்னொரு மாத்திரை எழுதியிருப்பார். இரண்டும் இரண்டு நிறுவனங்கள் வெவ்வேறு பெயரில் விற்கும், அம்லோடிபின் என்ற ஒரே மருந்தாக இருக்க வாய்ப்புண்டு. பழைய சீட்டைக் காட்டியிருப்பார்கள் என்று மருத்துவர் எண்ணுகிறார். மருத்துவர் பார்த்துத்தான் எழுதியிருப்பார் என்று வீட்டார் எண்ணுகிறார்கள். அட்டையில் பெயர் வேறு, நிறம் வேறு, ஆகவே மருந்தும் வேறு என்று சாப்பிடுகிறவர் எண்ணுகிறார். பெரியவருக்குக் காலில் வீக்கமும் எழுந்தால் தலைசுற்றலும் வரும்போது, வயதாகிவிட்டது என்று நான்காவதாக ஓர் அனுமானம் சேர்ந்துகொள்கிறது. எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் ஒரே ஒருவரிடம் காட்டினால் தீரக்கூடிய சிக்கல் இது. மருந்துச் சீட்டை இன்னொரு முறை படிப்பதால் தீராது, சீட்டில்தான் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதே.

ஐயம் செலவு பிடிப்பது. நேரமும் பொறுமையும் சில வேளைகளில் உறவும் அதில் செலவாகும்; ஆகவே எங்கே ஐயுறுவது என்பதையும் தேர்ந்துதான் ஆக வேண்டும். கடைக்காரர் பருப்பில் நூறு கிராம் குறைத்திருந்தால் அடுத்த மாதம் கடையை மாற்றிக்கொள்ளலாம். ஓடுபாதையை விட்டு எழும்பிய பிறகு எரிபொருள் நிரப்ப முடியாது. விழுங்கிய மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது. திரும்பி வர முடியாத படியில் கால் வைக்கும் முன்பு மட்டுமாவது, ஏற்கெனவே வந்த வழியில் மறுபடி நடக்காமல், வேறு வழியாக அதே இடத்துக்கு வர முடிகிறதா என்று பார்ப்பது செலவுக்குத் தகுந்த பலன் தருவது. எடை கணக்கு வந்ததென்றால், எண்ணெய் மிதக்குமா என்று கேட்பது. தேதி பொருந்துகிறதென்றால், கிழமையையும் அன்றைய காலையையும் கேட்பது.

குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்தில் இதை மிக அருகில் காணலாம். பாராசிட்டமால் நம் ஊரில் சொட்டு மருந்தாகவும் சிரப்பாகவும் கிடைக்கிறது. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரு மில்லி லிட்டருக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் ஐந்து மில்லி லிட்டருக்கு 120 அல்லது 125, சிலவற்றில் 250. சின்னப் புட்டியில் இருப்பது சின்னக் குழந்தைக்கானது, எனவே வீரியம் குறைந்தது என்று நினைப்பது இயல்பு, நிலைமை நேர்மாறானது. சிரப் தீர்ந்துபோன ஓர் இரவில், “ரெண்டும் ஒரே காய்ச்சல் மருந்துதானே” என்று சொட்டு மருந்தை ஐந்து மில்லி அளந்து கொடுத்தால், குழந்தைக்குப் போவது 500 மில்லிகிராம், அதாவது பெரியவர்கள் விழுங்கும் ஒரு மாத்திரை. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு 100 முதல் 150 வரைதான். அமெரிக்காவில் இந்தக் குழப்பத்தைத் தவிர்ப்பதற்காகவே, 2011இல் உற்பத்தியாளர்கள் கைக்குழந்தை மருந்தையும் பெரிய குழந்தைகளின் மருந்தையும் ஒரே செறிவுக்குக் கொண்டுவந்தார்கள். பெற்றோரை இன்னும் கவனமாக இருக்கச் சொல்வதைவிட அது மேலான வழி.

எங்கள் தெரு மருந்துக் கடையில் இரண்டு புட்டிகளும் ஒரே தட்டில் அடுத்தடுத்து நிற்கின்றன. கடைக்காரர் குழந்தையின் வயதைக் கேட்பதில்லை, எடையைக் கேட்கிறார். பலருக்குத் தெரிவதில்லை, “ஒன்றரை வயசு ஆகுதுண்ணே” என்றுதான் சொல்கிறார்கள். அதனால் கல்லாவுக்குப் பக்கத்தில் ஓர் எடைபார்க்கும் இயந்திரம் வாங்கிப் போட்டிருக்கிறார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாயை முதலில் ஏறச் சொல்கிறார், பிறகு குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு தாயை மட்டும் ஏறச் சொல்கிறார், கழித்து வரும் கிலோவைப் புட்டியின் அட்டையிலேயே பேனாவால் எழுதி, அதற்குக் கீழே எத்தனை மில்லி என்பதையும் எழுதிக் கொடுக்கிறார். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் சலித்துக்கொள்கிறார்கள்.